ஓரம் வெட்டிய புறா

நம் அச்சகத் தொழிலாளர் சங்கத்தின் புதுக் கட்டடத்தைத் திறந்துவைத்து, சமாதானப் புறாவை வானத்துக்கு எறிந்து, அதைத் தன் தலையிலேயே திரும்பப் பெற்றுக்கொண்ட தலைவர் அவர்களே! அந்தப் புறாவின் இறகுகளை அழகாகக் கத்தரித்துத் தந்த செயலாளர், பைண்டிங் பிரிவு அண்ணன் அவர்களே! பெரியோர்களே! "ஐயோ பாவம்" என்று அதை ஓடிவந்து எடுத்து மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே! உங்கள் பிழைதிருத்துபவனின் பணிவான வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, 'உயரப் பற!' தலைப்புத் தந்தவர்கள் நீடூழி வாழ்க. இப்போது இதைப் புறாவிடம் யார் போய்ச் சொல்வது?

பறவைக்குச் சிறகு எதற்கு? விசிறிக்கொள்ளவா? கீழே அடிக்கும்போது இறகுகள் நெருங்கிக் காற்றை அழுத்தும், உடல் எழும்பும். மேலே தூக்கும்போது விலகிக் காற்றுக்கு வழிவிடும். உள் இறகு தாங்கும், நுனி இறகு தள்ளும், வால் திருப்பும். ஒருவர் காலை ஒருவர் வாராமல் நடக்கும் காரியம். நம் செயற்குழுவுக்குப் புரியக் கொஞ்சம் நாளாகும்.

சிரிக்காதீர்கள், காலையில் நடந்ததைக் கேளுங்கள். நான் வந்தபோது அண்ணன் கையில் கத்தரி, காலடியில் இறகு.

"என்னண்ணே இது?"

"தலைவர் கைக்குப் போறதுக்குள்ள பறந்துட்டா ஃபோட்டோ என்னாகும் தம்பி? நுனிய மட்டுந்தான் வெட்டினேன். பாரு, பிசிறே இல்ல!"

நோட்டானாலும் அழைப்பிதழானாலும் ஓரம் வெட்டாமல் வெளியே அனுப்பாத கை! புறாவை மட்டும் விடுமா? தலைவரிடம் ஓடினேன். "வந்துட்டான்யா, இங்கயும் பிழை கண்டுபிடிக்க!" என்றார்.

எறிந்தார். விழுந்தது. உடனே தீர்ப்பு: "சோம்பேறிப் புறா! பின்னாடி விட்டுட்டு வேற வாங்கிட்டு வாங்க!"

பின்னாடி யார் இருக்கிறார்? என்னம்மா சொல்கிறீர்கள்? ஆமாம், காகிதக் கிடங்குப் பூனை! எலியைத் தவிர எல்லாவற்றையும் தின்னும் அதே பூனை!

கேட்கிறேன். வெட்டியது யார்? எறிந்தது யார்? விழுந்ததும் வைதது யார்? சோம்பேறிப் பட்டம் மட்டும் புறாவுக்கா? வயிறு எரிகிறது ஐயா எனக்கு!

வெட்டிய இறகு நகம்போல் வளராது. அடித்தண்டு உதிர்ந்து புதிது முளைக்க மாதக்கணக்காகும். அதுவரை அது எங்கே போகும்? தலைவருக்குத்தான் புது அறை இருக்கிறதே! பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். மின்விசிறியை மட்டும் போடக் கூடாது. வேர்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் தலைவரே. வளர்ப்பீர்களா?

தலையாட்டுகிறார்! பார்த்தீர்களா? பலமாகக் கைதட்டுங்கள், பின்னால் மறந்துவிடப் போகிறார்! அம்மா, மேடைக்கு வாருங்கள், புறாவை அவர் கையிலேயே கொடுங்கள். அண்ணே, நீங்கள் கத்தரியோடு அந்த அறைப் பக்கமே வரக் கூடாது.

இறகு முளைத்த நாளில் எல்லோரும் கூடுவோம். அன்று பூமாலை வேண்டாம், ஃபோட்டோ வேண்டாம். யாரும் அதைத் தூக்கி எறியவும் வேண்டாம். தலைவர் ஜன்னலைத் திறந்தால் போதும், அதுவே போய்விடும்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், இன்னும் உயிரோடிருக்கும் புறாவுக்கும் நன்றி. வணக்கம்!