யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்

இல்லம்மா, சண்டையெல்லாம் போடல. உங்க அப்பாகிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அதுக்கு அவர் நாலு நாளா சாப்பிடாம, பேசாம இருப்பார்னு எனக்கு எப்படித் தெரியும்? உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஆடும். இப்படி ஜெராக்ஸ் மெஷின் பக்கமா வாங்க.

சொல்லிடறேன். கேஸ ஏன் வாபஸ் வாங்கினார்னு அவர் சொன்ன கதைய பதினோரு வருஷமா நான் நம்பல. நம்பின மாதிரி இருந்துட்டேன், அவ்வளவுதான்.

ஜெயில்ல நாங்க ரெண்டு பேரும் தையல் கூடம். அவர் மெஷின்ல, நான் ரைட்டர். ரைட்டர்னா பெரிய ஆளு இல்லம்மா, எழுதத் தெரிஞ்ச கைதி. நாலு வரி தப்பில்லாம எழுதினா போதும், மொத்த ஜெயிலோட மனுவும் நம்ம தலையிலதான். அவருக்கு கால்ல புண்ணு. சர்க்கரை உடம்பு வேற. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கெஞ்சினார். பெடல் மட்டும் நல்லா மிதிக்கிறியேன்னு நக்கலடிச்சாங்க. கடைசியில மூணு விரல எடுத்தாங்க. எனக்கு ஆனது இன்னொருத்தனுக்கு ஆகக்கூடாது, கோர்ட்டுக்கு எழுதுடா தம்பின்னார். எழுதினேன். ஜட்ஜம்மா எடுத்துக்கிட்டாங்க. இனிமே வாரத்துக்கு ரெண்டு தடவை டாக்டர் வருவார்னு உள்ள அத்தனை பேரும் காத்துட்டு இருந்தோம்.

அப்பதான் ஒருநாள் சூப்பிரண்டு ரூம்ல இருந்து நொண்டிக்கிட்டே வந்து, வாபஸ்னு எழுதுடான்னார். ஏண்ணேன்னேன். பொண்ணு கல்யாணம் வருது, வம்பு வேணாம்னார்.

சிரிக்காதீங்கம்மா. எட்டாவது படிக்கும் மகள்னு முதல் மனுவுல எழுதினதே நான்தானே!

சரின்னு எழுதினேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சுயவிருப்பத்தின் பேரில்னு முடிச்சேன். அவர் அதச் சொல்லவே இல்ல. நானும் கேக்கல. எல்லா மனுவுக்கும் அதே வால்தான், கை தானா எழுதிடும். ஜெயில்லயே வீடியோ விசாரணை, ஸ்க்ரீன்ல ஜட்ஜம்மா அந்த வரியத்தான் படிச்சு, உண்மையான்னு கேட்டாங்க. நான் பக்கத்துல ஃபைல் பிடிச்சிட்டு நிக்கிறேன். என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, ஆமாங்கம்மான்னார். ரெண்டே நிமிஷம். கேஸ் முடிஞ்சுது.

அடுத்த மாசமே சமையல் கூடத்து ஆளு ஒருத்தருக்கு முழங்காலோட எடுத்துட்டாங்களாம். அதுக்கப்புறம் உங்க அப்பா பக்கத்துல உக்காந்து சாப்பிடக்கூட ஆள் இல்லையாம். வெலை போயிட்டான்னு பேரு. உங்க காதுக்கும் வந்துச்சா? ம்.

நானா? நான் பார்க்கலம்மா, கேள்விப்பட்டதுதான். நான்தான் அப்ப உள்ள இல்லையே. அவர் வாபஸ் வாங்கின பன்னெண்டாம் நாள் என்னை விட்டுட்டாங்க. நன்னடத்தையாம். இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருந்துச்சு எனக்கு. ஏன், எதுக்குன்னு நான் ஒருத்தரையும் கேக்கல. கேட்டைத் திறந்து விடும்போது நின்னு காரணமா கேப்பாங்க?

அவர் விடுதலையாகி வந்துட்டார்னு தெரிஞ்சதும்தான் உங்க வீட்டுக்கு வந்தேன். நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. டீ போட்டுக் குடுத்தார். தம்பி நல்லா இருக்கியாடா, கடை எப்படிப் போகுதுன்னு ஆசையா விசாரிச்சார். எனக்குத்தான் தாங்கல.

அண்ணே, அன்னிக்கு அந்த ரூம்ல என் பேரு அடிபட்டுச்சான்னு கேட்டுட்டேன்.