வழுவழுத்த றபர்

வவுனியா பஸ்ஸில் என் முன் சீற்றில் சைக்கிள் திருத்துகிற ஒருவர் இருந்தார், நகத்தில் கிறீஸ். பக்கத்தில் பள்ளிக்கூட உடுப்போடு அவரின் மகள், மடியில் மேசைப்பந்து மட்டை. பின்னால் நான்.

"மட்டை றபரை அரம் போட்டு உரஞ்சி விடட்டே பிள்ளை? டியூப்புக்கு அப்பிடித்தான் செய்யிறனான்."

"இது டியூப் இல்லை அப்பா."

"கழண்ட றபரைச் சொலூசன் போட்டு ஒட்டித் தந்தனான்தானே?"

"ஓம், ஒட்டினது கழரேல்லை. றபர்தான் வழுவழுத்துப் போச்சு. எப்பிடி வெட்டி அடிச்சாலும் பந்து சுழலுதில்லை. புதுசு போடோணுமாம், ரீச்சர் சொன்னவா."

"நெல்லு வெட்டினாப் பிறகு சனம் சைக்கிள் திருத்த வரும். அப்ப காசு வரும், பாப்பம்."

ஓமந்தை தாண்டிய பிறகு அவர் கேட்டார்.

"புது றபரால அடிச்சுப் பாத்தனியே?"

"போன போட்டியில ஒரு பிள்ளை தன்ர புது றபர் மட்டையைத் தந்தவள்."

"எத்தினை பந்து அடிச்சனி?"

"பதினாலு. பதினாலும் சுழண்டது."