முதல் பந்தி யாருக்கு?

ஆறு ஆண்டுகளாக என்னை மேடையேற விடாமல் காத்துவந்த விழாத் தலைவர், ஊராட்சி மன்றத் தலைவர் திரு. மணவாளன் அவர்களே, முத்தாபுதுப்பேட்டைப் பெரியோர்களே, மேடையில் நாற்காலி இல்லாமல் பந்தல்காலில் சாய்ந்து நிற்கும் நம் ஊர் நர்சம்மா ராஜம்மா அவர்களே, எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடிச்சட்டியை வழித்து உண்ணும் தாய்மார்களே, வணக்கம்.

வரவேண்டிய பேச்சாளரின் பஸ் குமணன்சாவடியில் பழுதாகி நின்றுவிட்டது. அதனால்தான் இந்த ஒலிபெருக்கி என் கைக்கு வந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவில் ராஜம்மாவுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள் என்றேன். அன்றோடு அழைப்பிதழில் என் பெயர் போயிற்று. போகட்டும். மாதர் சங்கக் கட்டடத்தை இன்று திறந்துவிட்டோம். மாதரின் கண்ணிமையை என்றைக்குத் திறந்து பார்க்கப் போகிறோம்?

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். பத்தாண்டுகளுக்கு முன் என் மனைவி வடிவு கர்ப்பிணி. அடுப்புச் சாம்பலை அள்ளி அள்ளித் தின்பாள். கேட்டால், "இன்னான்னு தெர்லங்க, அந்த வாசன ஆள இஸ்துகினு போவுது" என்பாள். மசக்கை என்று சிரித்தேன். சிரித்தவன் யார்? பள்ளியில் நாற்பது பிள்ளைகளுக்குச் சிவப்பு அணுவைச் சிவப்புச் சாக்கட்டியால் வரைந்து காட்டிய அறிவியல் ஆசிரியன். கரும்பலகையில் இரத்தத்தைக் கண்டேன், கட்டிய மனைவியின் முகத்தில் காணவில்லை.

கண்டவர் ராஜம்மா. காலனிப் பெண் என்பதால் வாசலைத் தாண்ட விடமாட்டோம். தெருவில் நின்றபடியே சொன்னார்: "சார், அந்தம்மா கண்ணு வெளுத்து கீது, ரத்தம் பத்தல. இந்த இரும்புச்சத்து மாத்திரைய தெனம் சோறு துன்னப்புறம் குடுங்க."

வாங்கினேன். அவர் தெருமுனை திரும்பியதும் சாக்கடையில் போட்டேன். ஏன்? மருந்தில் குறையா? இல்லை. கொடுத்த கையில் குறை கண்டேன். பட்டம் வாங்கிய கை, ஐயா, இந்தக் கை! மாதம் தவறாமல் அவர் கொடுத்தார். மாதம் தவறாமல் நான் எறிந்தேன்.

எட்டாம் மாதம் பிள்ளை பிறந்தான். ஒன்றே முக்கால் கிலோ. மூன்று வயதில் நடந்தான், நாலு வயதில் 'அம்மா' என்றான். இன்றும் இரண்டாம் வகுப்பில் ஊரார் பிள்ளைகளிடம் 'மக்கு' என்று பெயர் வாங்குகிறான். எல்லாம் இரத்தக் குறைவால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். சரி. நான் எறிந்ததால் இல்லை என்றும் அவர் சொல்லவில்லையே.

யாரது, எத்திராஜா? "வாத்யாரே, பசி உயிர் போவுது, சீக்கிரம் முடி" என்கிறாய். உனக்குப் போவது ஓர் உயிர், தம்பி. கர்ப்பிணிகளுக்கு இரண்டு. உட்கார்.

முத்தம்மாள் என்ன கேட்கிறார்? "மாத்திர துன்னா கொயந்த கறுப்பா பொறக்குமாமே நைனா?" நானும் கறுப்பு, தலைவரும் கறுப்பு. நாங்கள் மேடையேறவில்லையா? மாத்திரையால் பிள்ளை கறுக்காது, அம்மா. கறுத்தாலும் என்ன குறை? வெளுத்துப்போன தாய்தான் குறை!

இனி வந்த காரியம். சென்ற வாரம் என் வீட்டுக்கு ஒரு மனு வந்தது. ராஜம்மாவை வேறு ஊருக்கு மாற்ற வேண்டுமாம். குற்றம் என்ன? "ஊட்டாண்ட வந்து பொம்பளைங்க கண்ணத் தொட்டுப் பாக்குது." முதல் கையெழுத்து, தலைவர் அவர்களே, தங்களுடையது. நான் போடவில்லை. போடமாட்டேன். முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள் உங்கள் மருமகள் வசந்தா. ஏழு மாதம். பந்தலுக்கு வரும் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நான் பார்த்தேன். நீங்கள் பார்த்தீர்களா? ராஜம்மா போய்விட்டால் அவள் கண்ணை யார் பார்ப்பார்? அந்த மனுவா பார்க்கும்?

கோபித்துக்கொள்ளுங்கள். இன்னும் ஆறு ஆண்டு என்னை ஒதுக்குங்கள். ஆனால் இன்றைய பந்தியில் உங்கள் சட்டம் செல்லாது. முதலில் ஆண்கள், பிறகு பிள்ளைகள், மிச்சம் இருந்தால் பெண்கள் என்பதுதானே நம் ஊர் வழக்கம்? மிச்சத்தைத் தின்றவள் வயிற்றில் மிச்சப் பிள்ளைதான் வளரும். அதை என் வீட்டில் வளர்த்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே இன்று முதல் பந்தி கர்ப்பிணிகளுக்கு. கீரையும் முட்டையும் முதலில் அவர்கள் இலைக்கு. சாப்பிட்டு முடித்ததும் மாத்திரை. அதை ராஜம்மா தம் கையால் கொடுப்பார். முதலில் வாங்கப்போகிறவள் என் மனைவி. ஆம், வடிவுக்கு இது நாலாம் மாதம். இந்த முறை சாக்கடைக்கு ஒன்றும் கிடைக்காது.

யாரும் எழவில்லையா? தலைவரின் முகத்தைப் பார்க்கிறீர்களா? பாருங்கள், காத்திருக்கிறேன்.

அதோ, வசந்தா எழுந்துவிட்டாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான், ஆனால் எழுந்துவிட்டாள். வாம்மா. முதல் இலை உனக்கு.

கேட்ட செவிகளுக்கு நன்றி, முறைத்த கண்களுக்கும் நன்றி. எனக்குக் கைதட்ட வேண்டாம். ஆண்கள் எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள், பரிமாற ஆள் வேண்டும். வணக்கம்.