தபாலில் வர வேண்டிய காகிதம்

எனக்குத் தனியாகச் சாப்பிட்டுப் பழக்கமில்லை, தம்பி. நீங்கள் வாசலில் வந்து நின்றதுமே உலையில் இன்னும் இரண்டு பிடி அரிசி போட்டுவிட்டேன். அது வேகும் வரை நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

செலின் படத்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மஞ்சள் காமாலை. அவள் போய் போன மாதத்தோடு இரண்டு வருடம் ஆகிவிட்டது. உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்கிறீர்கள். யார் சொல்வார்கள்? உங்கள் முகவரி என்னிடம் மட்டும்தான் இருந்தது.

அம்மா போனபோது செலினுக்கு நான்கு வயது, எனக்குப் பதினைந்து. அவளுக்குத் தலை வாரி, பள்ளிக்கு அனுப்பி, தையல் படிக்க வைத்தேன். எனக்கு வந்த வரன்களை வேண்டாம் என்றேன். இரவு இரண்டு தட்டுகளை எதிரெதிரே வைத்துச் சாப்பிடுவோம். அவள் தன் தட்டில் இருக்கும் மீனில் முள் எடுத்து என் தட்டில் வைப்பாள்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். ஆவடி பேக்டரியில் வேலை, தெற்கே சொந்த ஊர், நல்ல பையன். உங்களை நான் ஒருநாளும் தவறாக நினைத்ததில்லை. எண்பத்தாறாம் வருடம் நம் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். ‘அருள்தாசுக்கும் செலினுக்கும் நடக்கவிருக்கும் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவும்’ என்று முதல் ஞாயிறு வாசித்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது ஓலை முடிந்த வாரம் சாமியாருக்கு மொட்டைக் கடிதம் ஒன்று வந்தது. மாப்பிள்ளைக்கு ஊரில் ஏற்கெனவே பெண்டாட்டி இருப்பதாக. சாமியார் மூன்றாவது ஓலையை நிறுத்திவிட்டு உங்கள் ஊர்ப் பங்குச் சாமியாருக்கு எழுதிக் கேட்டார். பத்தே நாளில் பதில் வந்தது. ‘இவர் மணமாகாதவர், தடை எதுவும் இல்லை’ என்று முத்திரை போட்ட காகிதம். கோயில் தபாலைப் பிரித்துப் பதிவேட்டில் எழுதுவது சனிக்கிழமைகளில் என் பொறுப்பு. பிரித்தேன், படித்தேன், டிபன் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நான் செய்தது அவ்வளவுதான்.

மீதியை ஊர் செய்தது. பூந்தமல்லியை உங்களுக்கு முழுதாகத் தெரியாது. கோர்ட்டும் பத்திர ஆபீசும் உள்ள ஊர் இது. சுற்றுவட்டாரத்து கிராமமெல்லாம் ஒரு கையெழுத்துக்காக பஸ் ஏறி வந்து இங்கே நிற்கும். நான் பத்திர ஆபீசில் வில்லங்கச் சான்று எழுதுகிறவள். பதில் வராத காகிதத்தை இந்த ஊர் எப்படிப் படிக்கும் என்று எனக்குத் தெரியும்.

“மூணு மாசமாவா ஒரு லெட்டரு வராது சகாயம்? ஏதோ கீதும்மா. இல்லாங்காட்டி எழுத மாட்டாங்களா?” என்றாள் பக்கத்து வீட்டு மஹ்பூபா.

டீக்கடை வரதன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: “பேக்டரில ஒரு ஷிப்ட்டு, ஊர்ல ஒரு ஷிப்ட்டு. மாப்ள டூட்டி பாத்துகினு கீறாரு மாமே.” கடையே சிரித்தது. அப்போது செலின் எதிரே போய்க்கொண்டிருந்தாள்.

நீங்களே ஊருக்குப் போய்ச் சான்று வாங்கி வந்தீர்கள். ஞாபகம் இருக்கிறதா? சாமியார் சம்மதிக்கும் முகத்தோடுதான் இருந்தார். “கையில கொண்டாந்த காகிதத்த எப்டி பாதர் நம்பறது? தபால்ல வரட்டும்” என்று நான் சொன்னேன். கூட இருந்த பெரியவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்களும் ஆபீஸ்காரர்கள்தானே. சாமியார் மறுபடி எழுதிக் கொடுத்த கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். அது இதோ, இந்தப் பெட்டியில் இருக்கிறது. ஸ்டாம்பு கூட அப்படியே இருக்கிறது.

பத்திர ஆபீசிலேயே பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்று நீங்கள் அவளைக் கேட்டீர்கள். அவள் வந்து, “அக்கா, நீ சரின்னு சொல்லு, போறேன்” என்றாள். அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். அவள் போகவில்லை.

நீங்கள் மாற்றல் வாங்கிக்கொண்டு வடக்கே போய்விட்டீர்கள். அங்கிருந்து எழுதிய நான்கு கடிதங்களையும் தபால்காரரிடம் சொல்லிவைத்து ஆபீசிலேயே வாங்கிக்கொண்டேன். இதே பெட்டியில்தான் இருக்கின்றன. பிரிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது சரியில்லை.

அந்த மொட்டைக் கடிதத்தை எழுதியது யார் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. சொல்லிவிடுகிறேன். நான்தான். என் கையெழுத்து ஆபீஸ் கையெழுத்து, சாமியாருக்குத் தெரிந்துவிடும் என்று இடது கையால் எழுதினேன். முடிக்க ஒரு மத்தியானம் பிடித்தது.

அவள் என்னிடம் கோபப்பட்டதே இல்லை. தைத்தாள், சமைத்தாள், தபால்காரர் வரும் நேரத்தில் மட்டும் மிஷினை நிறுத்துவாள். ஏழு வருடம் நிறுத்தினாள். பிறகு படுத்தாள். கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது.

“அக்கா, அவுரு எங்கனா நல்லா கீறாரா?” என்று கேட்டாள்.

பெட்டி கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. குனிந்தால் எட்டும். ஆனால் நோயாளியைக் கலங்கடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். “கண்ணாலம் கட்டிகினு ரெண்டு புள்ளைங்களோட கீறாரும்மா” என்றேன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “புள்ளைங்களுக்கு இன்னா பேரு?” என்றாள்.

இரண்டு பேர் சொன்னேன். அவள் அவற்றை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அதற்கப்புறம் கஞ்சி வேண்டாம் என்றுவிட்டாள். நான்காம் நாள் போய்விட்டாள்.

நீங்கள் இன்னும் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று வாசலில் சொன்னபோது, நெற்றியோரம் நரைத்து, கன்னம் ஒட்டி நின்ற உங்களைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

சோறு வெந்துவிட்டது. போலீசுக்குப் போவதானாலும், சாமியாரிடம் போவதானாலும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அது அவளுடைய தட்டுதான், கழுவி வைத்திருக்கிறேன். மாடி அறையும் சும்மாதான் கிடக்கிறது. உங்களையும் பார்த்துக்கொள்ள ஒரு மனுஷி வேண்டாமா, தம்பி? அவளை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று இந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.