சாட்சி சேவுகப்பெருமாளின் மகள்

— அதுக்குத்தான் மேடம் உங்களைத் தேடி வந்தேன். குடியை விட்ட புதுசுல அப்பாவுக்குக் கவுன்சிலிங் குடுத்தவுக நீங்க, நீங்க சொன்னாக் கேப்பாக. ஞாயித்துக்கிழமை பள்ளத்தூர் ஜெபக் கூட்டத்துல மட்டும் அவுக மைக்கைப் பிடிக்கக் கூடாது. வேற எங்குட்டுப் போயி சாட்சி சொன்னாலும் சொல்லட்டும், நான் கேக்க மாட்டேன்.

— துர்கா, போஸ்டர் ஒட்டியாச்சு ஆத்தா. ‘குடியிலிருந்து மீட்கப்பட்ட சகோதரர் சேவுகப்பெருமாள்’னு என் படத்தோட போட்டிருக்காக. கர்த்தருடைய வேலைக்கு நான் எப்படி வரலைன்னு சொல்றது?

— அந்தப் போஸ்டர் எங்க ஒட்டியிருக்குன்னு பாத்தீகளா? எங்க பள்ளிக்கூடத்துச் சுவத்துல. நான் எட்டாங் கிளாஸுக்குக் கணக்கு எடுக்குற பள்ளிக்கூடம்ப்பா அது.

— மக வேலை பாக்குற ஊருன்னுதான் நானே பாஸ்டர் ஐயாகிட்டக் கேட்டு வாங்கினேன். உனக்குப் பெருமையா இருக்கும்னு நெனச்சேன் தாயி.

— பெருமையாம்! கேட்டுக்கங்க மேடம்.

— கேட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன். சேவுகப்பெருமாள் அண்ணே, நீங்க கொஞ்சம் பொறுங்க. துர்கா, அப்பா குடியை விட்ட கதையைச் சொல்றாக. அதைக் கேக்குறப்ப உனக்கு என்ன ஆகுது?

— என்ன ஆகும்? அவுக குடியிலருந்து வெளிய வந்துட்டாக. நான் இன்னும் அந்தப் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுலயே உக்காந்திருக்கேன். காரைக்குடியில மருந்து வாங்கப் போனாக்கூட, “நீதானா அந்தக் கொலுசுப் பிள்ளை?”ன்னு கன்னத்தைத் தடவுறாக. எனக்கு இருபத்தஞ்சு வயசு மேடம்! ஒரு கிறிஸ்துமஸுக்கு சபையில மேடை ஏத்தி எனக்குக் கொலுசு போட்டு விட்டாக. ஊரே கை தட்டுது. நான் காலை நீட்டிக்கிட்டு நிக்கிறேன். செத்துரலாம் போல இருந்துச்சு.

— அது அன்புதானே ஆத்தா. பாவம், அந்தச் சகோதரிக காசு சேத்து வாங்குனது.

— அன்புதாம்ப்பா. எனக்கு வேணாம். பள்ளத்தூர்ல யாருக்கும் என்னைத் தெரியாது. பிள்ளைக டீச்சர்ன்னு பயப்படுது. அது போதும் எனக்கு. ஞாயித்துக்கிழமை நீங்க ஸ்பீக்கர்க் குழாய் கட்டிப் பேசினா திங்கக்கிழமை அந்தப் பிள்ளைக என் காலைத்தான் பாக்கும்.

— அண்ணே, அந்தச் சாட்சியை இங்க ஒரு தடவை சொல்லுங்களேன். மைக் இல்லாம, சும்மா எங்ககிட்டச் சொல்ற மாதிரி.

— அதுக்கென்ன மேடம். பிரியமானவர்களே!

— பாத்தீகளா, உக்காந்திருந்தவுக எந்திரிச்சுட்டாக.

— பழக்கமாப் போச்சு தாயி. உக்காந்துக்கிறேன். எட்டு வயசுப் பெண் பிள்ளை. பழைய முதலாளி கூப்பிடுறான், தொண்டை காயுது. பெத்த மக காலைப் பிடிச்சு வெள்ளிக் கொலுசைக் கழட்டினேன். கையில ஒரு பன்னைக் குடுத்து பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்கார வச்சேன். “அப்பா இந்தா வந்துர்றேன்”னு போனேன், பாவி! பிள்ளை அழுவுது, அழுவுது, ஏன்னு கேக்க ஒருத்தர் இல்ல. விடிஞ்சு கண்ணு முழிச்சா நான் என் வீட்டு வாசல்ல கிடக்கேன்! பக்கத்துல என் பிள்ளை தூங்குது! கொண்டாந்தது யாரு? தேவதூதன்! கர்த்தர் அனுப்பின தூதன்! அன்னைக்கு விட்டவன்தான், இன்னைக்கு வரைக்கும் தொடல. அல்லேலூயா!

— ‘பழைய முதலாளி’ங்கிறது இந்தக் கவுன்சிலிங் ரூம்ல வச்ச பேருதானே அண்ணே?

— ஆமா மேடம், நீங்கதான். நீங்க வேற, குடி வேற. அதுக்குத் தனியா ஒரு பேரு வச்சுக் கூப்பிடுங்க, அதோட நீங்க எப்பெப்ப எதுத்து நின்னீகன்னு சொல்லுங்கன்னீக. உங்க கதையை நீங்கதான் எழுதணும்னீக. அன்னைக்குத் தொறந்த வாய்தான்.

— அப்ப நீங்கதான் மேடம் ஆரம்பிச்சு வச்சது.

— நான்தாம்மா. அதை நான் இல்லைங்கல. அப்பா அவரு கதையைச் சொல்லணும்னு மட்டும் பாத்தேன். அதுக்குள்ள இன்னொரு ஆளும் இருக்குன்னு யோசிக்காம விட்டுட்டேன். எங்க கத்தோலிக்கக் கோயில்ல பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனம் சாமியாரு ஒருத்தரு காதோட முடிஞ்சிரும். அண்ணனுக்கு அது மைக்குக்குப் போயிருச்சு.

— மேடம், நீங்களே இப்படிச் சொன்னா நான் எங்க போவேன்? ஒரு வாரம் சாட்சி சொல்லாட்டி பழைய முதலாளி தெருமுக்குல வந்து நிக்கிறான், கண்ணால பாக்குறேன். இதைச் சொல்லிச் சொல்லித்தான் நான் உசுரோட இருக்கேன். சொல்லாதேன்னா செத்துப்போன்னு அர்த்தம்.

— பாருங்க மேடம். இவுக சொன்னா என் மானம் போகுது, சொல்லாட்டி இவுக உசுரு போகுது. நான் எந்தப் பக்கம் போறது? என்னைப் பூட்டிப்புட்டு சாவியை முழுங்கிட்டாக.

— இரும்மா, எந்திரிக்காதே. அண்ணே, இயேசு ஆண்டவரோட கதையையே பைபிள்ல நாலு பேரு சொல்லியிருக்காக. ஒருத்தரு விட்டதை இன்னொருத்தரு சொல்றாரு. திருச்சபை நாலையும் வச்சுக்கிச்சு, ஒண்ணையும் தள்ளல. உங்க வீட்டுக் கதையை நீங்க ஒருத்தர்தான் சொல்றீக. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு துர்காகிட்ட எப்பயாச்சும் கேட்டீகளா?

— அதுக்கு என்ன மேடம் தெரியும்? பச்சைப் பிள்ளை, அழுதுக்கிட்டு இருந்துச்சு.

— நான் அழவே இல்லப்பா.

— என்ன ஆத்தா சொல்றே?

— ஒண்ணுமில்ல. விடுங்க. அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.

— உங்கம்மா பொன்னுத்தாயிக்கா வாக்கு? என்னன்னு?

— துர்கா, கட்டாயமில்லம்மா. சொல்லணும்னு தோணுனாச் சொல்லு. அழலைன்னா, அப்ப என்ன செஞ்சே?

— நல்லாக் கேட்டீக மேடம். இத்தனை வருஷத்துல இதை ஒருத்தர் என்கிட்டக் கேக்கல. பன்னைத் தின்னேன். பொழுது இறங்குனதும் எந்திரிச்சுப் போயி கடை கடையா, “எங்கப்பாவைப் பாத்தீகளா?”ன்னு கேட்டேன். ஒயின்ஷாப்புக்குப் பின்னால வாய்க்காலுக்குள்ள கிடந்தீகப்பா. வேட்டி ஒரு பக்கம் கிடந்துச்சு. நான்தான் எடுத்துச் சுத்தி விட்டேன், யாரும் பாத்துறக் கூடாதுன்னு. அங்க ஆட்டோ ஓட்டுற அல்லாபிச்சை மாமாகிட்ட, “எங்கப்பாவுக்குக் காய்ச்சல், வீட்டுல விடுங்க”ன்னேன். அவுக தோளைப் பிடிச்சாக, நான் காலைப் பிடிச்சேன். அம்மா குன்றக்குடிக்குப் போயிருந்துச்சு. சாவியை நீங்க எங்க போட்டீகன்னே தெரியல. அதான் வாசல்லயே உங்க பக்கத்துல படுத்துக்கிட்டேன்.

— யம்மா! எட்டு வயசுல இவ்வளவு செஞ்சிருக்கியே. எங்கருந்தும்மா வந்துச்சு அந்தத் தைரியம்?

— தைரியமா? எனக்கு எங்கப்பா வேணும் மேடம். அவ்வளவுதான். கொலுசைக் கழட்டினாலும் எனக்கு இருந்தது இந்த ஒரு அப்பாதானே.

— இதை ஏம்மா சொல்லாம வச்சிருந்தே?

— காலையில எந்திரிச்சு, “தூதன், தூதன்”னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதாக. குடியை விட்டாக. அம்மா வந்து என்னைத் தனியாக் கூட்டிப்போயி, “தூதன்னே இருக்கட்டும்டி. நீன்னு தெரிஞ்சா திரும்பக் குடிச்சிருவாரு, வாயைத் தொறந்துறாதே”ன்னுச்சு. சாகக் கிடந்தப்பவும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அதையேதான் சொல்லுச்சு.

— அண்ணே. அண்ணே, இந்தாங்க, தண்ணியைக் குடிங்க.

— அப்பா! இங்க பாருங்கப்பா. இதுக்குத்தான் மேடம் சொல்ல மாட்டேன்னேன். அய்யோ, அம்மா சொன்னதைக் கேக்காமப் போயிட்டேனே.

— நீயா தாயி? என் காலைப் பிடிச்சுத் தூக்கினது நீயா?

— ஆமாப்பா.

— அந்த வேட்டியை...

— விடுங்கப்பா.

— வானத்தைப் பாத்து எத்தனை தடவை கும்பிட்டிருப்பேன். பக்கத்துல நின்ன உனக்கு ஒரு கும்பிடு போடலியே நான். என் சாமி! என்னைப் பெத்தவளே!

— அழாதீகப்பா. எனக்கு இது போதும். சத்தியமாப் போதும். கடைக்கு மட்டும் போயிராதீக.

— போவேனா? இனிமே அந்தப் பக்கம் எப்படிப் போவேன்? தூதனா இருந்தா வானத்துல இருப்பான், பாக்க மாட்டான். நீ வீட்டுக்குள்ளேயே இருக்கே!

— நல்லதுண்ணே. இப்ப பேசுனது நம்ம மூணு பேரோட இருக்கட்டும். சரி, ஞாயித்துக்கிழமைக்கு என்ன செய்வோம்?

— அந்தப் பழைய சாட்சி இனி கிடையாது மேடம். கொலுசுப் பிள்ளை, அழுத பிள்ளைங்கிற பேச்சே என் வாயில வராது. கர்த்தர் மேல ஆணை.

— அப்பா! நெசமாவா?

— நெசமாத் தாயி. என் போனை எடு. கண்ணு கலங்கி எழுத்துத் தெரியல, பாஸ்டர் ஐயா நம்பரை நீயே போட்டுக் குடு.

— இந்தாங்கப்பா, ரிங் போகுது. ரொம்ப இழுக்காதீக, சட்டுனு சொல்லிருங்க. மேடம், உங்களுக்குக் கோடிப் புண்ணியம். இனித்தான் நான் நிம்மதியாப் பள்ளத்தூர் பஸ் ஏறுவேன்.

— ஸ்தோத்திரம் பாஸ்டர் ஐயா, சேவுகப்பெருமாள் பேசுறேன்! ஞாயித்துக்கிழமை மேடையில இன்னொரு நாற்காலி போடச் சொல்லுங்க. அன்னைக்கு வந்த தூதன் யாருன்னு தெரிஞ்சுபோச்சு, கையோட கூட்டிக்கிட்டு வாரேன்!