அரக்கு முத்திரையில்லாத உறை

எனது பெயர் அழகரத்தினம் ஜெயந்தினி. வயது பதினாறு. வவுணதீவில் வசிக்கிறேன். மட்டக்களப்பு நகரில் பதினோராம் ஆண்டு படிக்கிறேன். எனது தகப்பனார் வவுணதீவிலுள்ள பிரதேச சபையில் அலுவலக உதவியாளர். கம்பனிகள் டெண்டர் இடும் கேள்விப்பெட்டியின் பூட்டுத் திறப்பு அவரிடம் இருக்கும். இவ்வாக்குமூலத்தைத் தாயார் இலட்சுமிப்பிள்ளை முன்னிலையில் தருகிறேன்.

1998 யூன் மாதம் சபை தனது ஊழியர்களின் வைத்தியக் காப்புறுதிக்காகக் கம்பனிகளிடம் கேள்விப்பத்திரங்கள் கோரியிருந்தது. கடைசி நாளன்று பாடசாலை விட்டு வரும்போது, தகப்பனாரை அறிந்தவரும் ஒரு கம்பனியின் முகவருமான காத்தான்குடி உசனார் அவர்கள் அரக்கு முத்திரையிட்ட உறையொன்றைத் தந்து, "மகள், இத சபைக் கந்தோர்ப் பெட்டியில போட்டிருங்க. நான் வந்தா பாலத்துச் சென்றியில பொழுதுபட்டிரும்" என்றார்.

அதன் பின்னர் பாலத்து இராணுவச் சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவர் உறையைக் கிழித்துப் பார்த்து, கிழித்த இடத்தில் திகதியும் தனது இலக்கமும் எழுதி, "யாரும் கேட்டா இத காட்டு நங்கி, தங்கச்சி" என்றார். அதன் பின்னர் வழியில் கடிதத்தை வாசித்தேன். ஊழியர்களின் தாய் தகப்பனுக்கும் வைத்தியச் செலவு தருவதாக இருந்தது. அப்படிப்பட்ட கடிதம் கிழிந்த உறையில் போகக்கூடாதென எண்ணி, கடையில் புதிய உறை வாங்கி, விலாசத்தைப் பார்த்தெழுதி, ஒட்டிப் பெட்டியில் போட்டேன். பழைய உறையைச் சரித்திரப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

மறுநாள் பெட்டி திறந்தபோது, முத்திரை இல்லையென மற்றக் கம்பனியின் முகவர் ஆட்சேபித்தார். உசனார் அவர்கள், அது தனது உறையல்லவென்றும் தான் என்னிடம் கொடுத்தனுப்பியதாகவும் கூறினார். சபைச் செயலாளர் என்னை அழைப்பித்துக் கேட்டார். தந்தபடியே போட்டேன் என்றேன். அதன் பின்னர், தேநீர்த் தட்டுடன் நின்ற அப்பாவிடம் உறையைக் காட்டி, யாருடைய எழுத்தென்று கேட்டார். எனக்கு எழுதப் பழக்கியவர் அப்பா. எங்கள் எழுத்து ஒன்றுபோலிருக்கும். அவர் தட்டை வைத்துவிட்டு உறையை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "என்ட எழுத்துத்தான் சேர்" என்றார். அது எனது எழுத்து.

அதன் பின்னர், பெட்டியைத் திறந்து உறையை மாற்றினாரென அவரை இந்தப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்று ஒன்பதாம் நாள். கேள்விப்பத்திரங்கள் ரத்தாகிவிட்டன. நேற்று வீடு வந்த, சபையில் வீதி கூட்டும் தொழிலாளி சீதேவிப்பிள்ளை அக்கா, காப்புறுதி கிடைக்காததால் தனது தாயின் கண் சத்திரசிகிச்சை இனி அடுத்த வருடம்தான் எனச் சொல்லி, "உங்கட மனிசன் நல்லா இருப்பார்" என்று அம்மாவிடம் கூறிவிட்டு, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் போனார். நான் அடுப்படியில் நின்று கேட்டேன்.

சிப்பாயின் இலக்கமுள்ள உறையை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதே விலாசத்தை உத்தியோகத்தர் முன்னிலையில் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். அதை அப்பாவிடம் காட்டினால் தன்னுடையதென்றே சொல்வார். தயவுசெய்து நம்ப வேண்டாம்.

எழுதப்பட்டதை நானே வாசித்தேன். கூட்டவோ குறைக்கவோ ஏதுமில்லை. யாவும் உண்மை.

ஒப்பம்: அ. ஜெயந்தினி