மலையைப் பார்க்காத சுவிஸ் பயணம்

லொங்குய்ய் என்ற ஊருக்குப் போகும் மெட்ரோவில் எனக்கு எதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். மூத்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். சுவிஸில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். இளையவர் அவரோடு வேலை செய்பவர்.

"மலையெல்லாம் வடிவோ அக்கா?"

"மலையை எங்க பார்த்தன்? வானத்தைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தனான்."

இளையவர் விளங்காமல் பார்த்தார்.

"தங்கச்சியின்ரை ஊருக்குப் பக்கத்தில ஒரு ஏரி. கரையில மணல் இல்லை, முழுக்கப் புல்லு. சனம் துவாயை விரிச்சுப் படுத்திருக்கும், பிறகு எழும்பிப் போய் நீந்தும். நான் ஒரு கிழமையா புல்லை விட்டு அசையேல்லை."

"தண்ணி குளிரோ?"

"பயம். சண்டைக் காலத்தில கிளாலிக் கடனீரேரியைக் கடக்கேக்க வள்ளம் கவிழ்ந்தபோது, ஆரோ ஒருத்தர் என்ரை தலைமயிரில பிடிச்சு இழுத்துத்தான் உயிர் தப்பினனான். அதுக்குப் பிறகு முப்பது வருசமா முழங்காலுக்கு மேல தண்ணியில இறங்கினதில்லை."

"அப்ப கடைசி வரைக்கும் ஏரியில இறங்கேல்லையோ?"

"கடைசி நாள் தங்கச்சி சொன்னாள், 'முதுகுக்குக் கீழ கையை வைச்சிருக்கிறன், வாங்கோ அக்கா' எண்டு. இடுப்பளவு தண்ணிதான். மல்லாக்கப் படுத்தன். காதுக்குள்ள தண்ணி போனதும் ஒரு சத்தமும் இல்லை. கனநேரத்துக்குப் பிறகு தலையைத் திருப்பினால், அவள் நாலடி தள்ளி நிண்டு சிரிக்கிறாள்."

"கையை எடுத்திட்டாவோ? உங்களுக்குக் கோபம் வரேல்லையோ?"



"கோபப்படுறதெண்டால் எழும்ப வேணும். எனக்கு எழும்ப மனம் வரேல்லை."